முள்ளெலி

பெண்டில் ஹில் ரயில் நிலையத்துக் கார்த் தரிப்பிடம்.
ஜக்கரந்தாப் பூ ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால்
என் அலுவலகம்.
ஏசி போட்டால் இரைச்சல், நிறுத்தினால் வெக்கை.
நிறுத்தினேன்.
"தமிழ் மொழிபெயர்ப்பாளர்,
இலக்கம் நாலாயிரத்து அறுபத்திரண்டு."

கூட்டாதே, குறைக்காதே. விதி அவ்வளவுதான்.
டொக்டர் 'நான்' என்றால் நானும் 'நான்'.
அந்தப் பெண் 'நான்' என்றாலும் நான்தான் 'நான்'.
அழைப்பு முடியும்வரை மூன்று பேர்
என் ஒரு வாய்க்குள் குந்தியிருப்பார்கள்.

வெஸ்ட்மீட், இரண்டாம் மாடி, ஸ்கான் அறை.
சாம்பவி, நிரோஜன். பதின்மூன்றாம் வாரம்.

"இந்த வாரத்தில்," என்கிறார் டொக்டர் கல்லஹன்,
"மூளையைக் குறுக்காகப் பார்த்தால்
இருபுறமும் இறகு விரித்து
ஒரு வண்ணத்துப்பூச்சி தெரியவேண்டும்.
தேடினேன். வண்ணத்துப்பூச்சி இல்லை."

சொன்னேன்:
வண்ணத்துப்பூச்சி இல்லை.
சொல்லில் பிழையில்லை.
அங்கே நிரோஜன் மெல்லச் சிரித்தான்.
"பூச்சி இல்லையெண்டால் நல்லதுதானே டொக்டர்?"

கேள்வியைக் கொடுத்தேன்.
சிரிப்பைக் கொடுக்கவில்லை.
முதல் பிழை.

டொக்டர் அடியிலிருந்து தொடங்கினார்.
"நாள் தள்ளிப்போனதை நீங்கள்
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த நேரம்,
மூளை என்பது ஒரு குழாயின் நுனி.
குழாயின் அடியில் ஒரு துளித் திசு
ஒரு புரதத்தைக் கசியவிடும்.
கிட்ட உள்ள கலத்துக்கு நிறைய,
எட்ட உள்ளதுக்குக் கொஞ்சம்.
கிடைத்த அளவை வைத்துத்தான்
தான் யாரென்று ஒவ்வொரு கலமும் அறியும்.
மேலிருந்து வேறு புரதங்கள் மறுபேச்சுப் பேசும்.
அந்தப் பேரத்தில்தான்
ஒரு மூளை இரு பாதியாகும்,
ஒரு கண்புலம் இரு கண்ணாகும்."

கலம் என்றேன்.
பாடப்புத்தகத்தில் அது உயிரின் அறை,
கடலில் கப்பல், அடுக்களையில் சட்டி.
எது போய்ச் சேர்ந்ததோ.

"உங்கள் பிள்ளைக்கு
அந்தச் செய்தி போதவில்லை."

காதுக்குள் ஏதோ இயந்திரத்தின் விசிறி மட்டும்.
பிறகு சாம்பவி:
"நான் புரட்டாசிச் சனி பிடிச்சனான். அதாலயோ?"
இல்லை.
"புளக்டவுன் பஸ்ஸில ஒருநாள் முழுக்க நிண்டனான்."
இல்லை.
"முதல் ரெண்டு கிழமை எனக்கு இது வேணுமோ எண்டு
தெரியாமல் இருந்தது. அதாலயோ?"

மூன்றாவது 'இல்லை' வர
டொக்டருக்கு ஒரு மூச்சு பிந்தியது.
அந்த மூச்சையும் அப்படியே கொடுத்தேன்.

"ஊசி வைத்துப் பார்த்தால் தெரியும்,
அந்தப் புரதத்தின் ஜீனில் பிழையா என்று."
நிரோஜன் கேட்டான்: "அதுக்குப் பேர் என்ன?"

அவர் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார்.
எனக்குத் தெரியும் அந்தப் பெயர்.
போன மாசி, வேறொரு சோடி, வேறொரு அறை.
ஈயின் புழுவொன்று அந்தச் செய்தி கிட்டாமல்
உடம்பெல்லாம் முள்ளாய் வளர்ந்ததாம்.
பார்த்தவர்கள் பகிடியாய் முள்ளெலி என்றார்களாம்.
பகிடி ஆய்வுக்கூடத்தைத் தாண்டி
பிரசவ வார்டு வரை வருமென்று
யார் கண்டார்?

'முள்' என்று எழும்பிய நாக்கை மடித்து வைத்தேன்.

"எழுதித் தருகிறேன்," என்றார் டொக்டர்.
தாள் கிழிபட்டது. பேனை கீறியது.
சாம்பவி எழுத்துக்கூட்டினாள்:
"எஸ். எச். எச்."
பிறகு சேர்த்து வாசித்தாள்.
ஷ்ஷ்.

இன்னொருதரம், மெதுவாக.
ஷ்ஷ்.
அழும் பிள்ளையைத் தோளில் சாய்த்து
முதுகில் தட்டும்போது வருமே, அந்த அளவில்.

"மொழிபெயர்ப்பாளர், அவர் என்ன சொன்னார்?"
"பெயர்க்க எதுவுமில்லை, டொக்டர்."
இரண்டாம் பிழை.

இருபத்தாறு நிமிடம் என்று பதிந்தேன்.
வைப்பரைப் போட்டேன்; பூ நகர்ந்து
ஊதாக் கோடொன்றை இழுத்துவிட்டு நின்றது.
அடுத்த அழைப்பு மின்சாரக் கொம்பனி.
"நான் போன மாதமே கட்டிவிட்டேன்," என்றேன்,
யாரோ ஒருவராய்.